முன் பம்பரில் ஒரு விரிசல்

என் கணவரிடம் ஒரு பொருளை விற்கச் சொல்வதும் அதைக் கிணற்றில் போடுவதும் ஒன்றுதான். போன மாதம் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்றார். வாங்கியவர், "இந்த அலங்காரமெல்லாம் எனக்கு வேண்டாம், பழைய பம்பரையே மாட்டிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார். கழற்றிய பாடி கிட் முழுவதும் எங்கள் சின்ன அறைக்குள் வந்து குடியேறியது. முன் பம்பர், பின் பம்பர், பக்கவாட்டுப் பட்டைகள், டிக்கி மேல் நிற்கும் ஸ்பாய்லர். உள்ளே கால் வைக்க இடமில்லை.

அந்த அறை இப்போது அப்பாவுக்கு வேண்டும். நெஞ்சுவலி வந்து பிழைத்தவரைத் தனியாக விட மனமில்லாமல் அழைத்து வந்துவிட்டேன். ஹால் சோபாவில் சுருண்டு படுக்கிறார். அவருடைய பை ஜிப்கூடத் திறக்காமல் பக்கத்திலேயே இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேம்மா. அந்தச் சாமானை விக்க மாப்பிள்ளைக்கு மனசில்லை. எனக்காக ஏன் விக்கணும்?" என்றார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். அதை வாங்க முதலில் வந்தவர் வாயைத் திறப்பதற்குள் இவர் டார்ச்சை அடித்து, "இங்க கீறல், இங்க பெயின்ட் உரிஞ்சிருக்கு" என்று காட்டத் தொடங்கிவிட்டார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்தவருக்கும் அதே மரியாதைதான்.

சனிக்கிழமை காலை ஒரு பல் டாக்டர் வந்தார். "நீங்க வாயே திறக்கக்கூடாது" என்று இவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் பம்பர்களை ஹாலுக்குக் கொண்டுவரச் சொல்லி, தரையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். எங்கே வாயைத் திறக்கச் சொல்வாரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"சின்னச் சின்னக் கீறல்தான் டாக்டர்" என்றேன் தேனாக.

"பின் பம்பர்ல ஒரு கிளிப்பும் உடைஞ்சிருக்கு" என்றார் இவர், டார்ச்சோடு.

போச்சு! நான் முறைத்தேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

டாக்டரின் விரல் முன் பம்பரின் இடது மூலையில் நின்றது. "விரிசல் ஆழமா இருக்கே. எப்படி ஆச்சு?"

"அது... பார்க் பண்ணும்போது சுவத்துல இடிச்சிட்டேன்" என்றார் இவர். டார்ச் அணைந்தது.

"சுவரா?" என்றார் சோபாவிலிருந்து அப்பா. "ஆஸ்பத்திரி வாசல் மேட்டுல இடிச்சதுதானே மாப்பிள்ளை? என்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கு. படார்னு சத்தம் கேட்டுது. அந்த வலியிலயும் எனக்குக் கேட்டுது. நீங்க பிரேக்கே போடலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று நான் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவள். சுவர்க் கதையைத்தான் என்னிடமும் சொல்லியிருந்தார். அப்பா மனசு சங்கடப்படும் என்று மறைத்திருக்கிறார், மனுஷன்.

"இவ்வளவு ஆசையா வச்சிருந்ததை ஏன் விக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மாமாவுக்குக் கட்டில் போடணும்" என்றார் இவர், இது என்ன கேள்வி என்பதுபோல. "அதான் எல்லாக் குறையையும் முன்னாடியே சொல்லிடறேன். மறைச்சு வித்தா நாளைக்கு நீங்க திருப்பிக் கொண்டு வருவீங்க. மறுபடியும் ரூம் அடைஞ்சிடும்."

இந்த மனுஷரையா இத்தனை நாளாக மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்! வெட்கமாக இருந்தது.

"விரிசலை ஒட்டிக்கலாம். அதுதானே என் தொழில்" என்று சிரித்தபடி டாக்டர் வண்டியை எடுத்து வரப் போனார்.

பக்கவாட்டுப் பட்டையின் ஒரு முனையைத் தூக்க அப்பா எழுந்தார்.

"மாமா, நீங்க விடுங்க."

"சும்மா இருங்க மாப்பிள்ளை. இடிச்சிடாம பார்த்துக்கறேன், ஏற்கெனவே என்னால ஒரு தடவை இடிச்சாச்சு."

எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு நான் துடைப்பத்தோடு வந்தபோது, காலி அறையின் ஜன்னலோரத்தில் அப்பாவின் பை இருந்தது. அவர் ஜிப்பைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.