ஹோலி மாசத் தட்டுக் கணக்கு

எனக்குக் கோவம் வந்தா சோத்து மேலதான் காட்டுவேன். போன வருசம் ஷைனி மேல கோச்சிக்கினு நாலு நாள் அவ மெஸ்ஸுல சாப்புடல. பொண்டாட்டி தெனம் அறுவது தட்டு சோறு போடறா, புருசன் பஸ் ஸ்டாண்டுல பரோட்டா துன்றான். கும்மிடிப்பூண்டியே சிரிச்சிது.

விஷயம் இன்னான்னா, இரும்புக் கம்பெனில இருவத்திரண்டு வருசம் கிரேன் ஓட்டினேன். ஆளக் கொறைக்கிறோம்னு கைல பதினாலு லட்சத்தக் குடுத்து அனுப்பிட்டானுங்க. அந்த நேரம் பாத்து வந்தான் புரோக்கர் பாக்கியராஜ். சிப்காட்டுக்குப் பின்னால வரிசையா பத்து ரூம்பு, வாடகைக்கு வுட்ட லைன் வீடு. பத்துலயும் பீகார், ஒடிசா பசங்க. ரூம்புக்கு நாலாயிரம். வெல முப்பத்தெட்டு லட்சம்.

"மிச்சம் இருவத்திநாலு பேங்க்ல வாங்கு எபிண்ணே. தவணை இருவத்தாறாயிரம். நாப்பதாயிரம் வாடகை வருது, அதுவே கட்டிடும். மீதிய வச்சிக்கினு கால் மேல கால் போட்டுக்கோ"ன்னான்.

பேங்க்ல வைக்க எங்ககிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, குடியிருக்கற ஊடு. எங்கப்பா அடுத்தவன் வயல்ல கூலிக்கு ஏர் ஓட்டி, மூணு சென்ட் வாங்கிக் கட்டினது. எங்க வம்சத்துல பத்திரம்னு ஒண்ணக் கையில தொட்டதே அப்பதான். தவணை தவறினா அது போயிடும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா பத்து ரூம்பும் ரொம்பி வழியுதே, எப்படித் தவறும்னு நெனச்சேன்.

ஷைனி மெஸ் நோட்ட எடுத்தாந்தா. எவ்ளோ மாவு பெசையணும்னு தெரியறதுக்காக, தெனம் எத்தினி தட்டு போச்சுன்னு ரெண்டு வருசமா எழுதி வச்சிருக்கா.

"நல்ல மாசத்தப் பாக்காத. இத பாரு, ஹோலிக்கு எல்லாரும் ஊருக்குப் போன மாசம். அறுவது தட்டு இருவத்திநாலாச்சு. என்கிட்ட துன்றவன்தான அங்க தங்கறான்? பத்து ரூம்புக்கு நாலுன்னு வச்சிக்கோ."

"அது ஒரு மாசம்டீ!"

"அந்த மாசம் தவணைக்கு லீவு வுடுவானா?"

நாலு ரூம்புக்குப் பதினாறாயிரம். மோட்டாரு, செப்டிக் டேங்க்குன்னு மூவாயிரம் கழிச்சா. மிச்சம் பதிமூணாயிரம். அந்தத் தவணைக்குப் பன்னெண்டு லட்சம்தான் கடன் வாங்க முடியும். கைல இருக்கற பதினாலோட சேத்தா, ஆக மொத்தம் இருவத்தாறு லட்சம். "அதுக்கு மேல ஒரு ரூவான்னாலும் வேணாம். நீ இன்னா கத்தினாலும் வேணாம்"ன்னா.

கத்தினேன். வெக்கத்த வுட்டு லைன் வீட்டு ஓனர் பூவராகவன்கிட்ட போயி இருவத்தாறு கேட்டேன். "காலங்காத்தால தமாசு பண்ணாதய்யா"ன்னு கதவ சாத்திட்டாரு. பாக்கியராஜ் என் போன எடுக்கறதையே நிறுத்திட்டான். அந்தப் பரோட்டா கதை இதுக்குத்தான்.

மூணு மாசம் போச்சு. அதுக்குள்ள ஓனருக்கு அட்வான்ஸ் குடுத்திருந்த ஒரு மெட்ராஸ் பார்ட்டி பின்வாங்கிட்டான். ஓனருக்கு மகன்கூட நெல்லூருக்குப் போற அவசரம். அவரே கூப்புட்டாரு. முப்பதுன்னாரு, இருவத்தேழுக்கு எறங்கினாரு. நான் துள்ளிக் குதிச்சேன். ஷைனி இருவத்தாறுலயே நின்னா. திட்டிக்கினே குடுத்தாரு மனுசன்.

மொத ரெண்டு மாசம் பத்து ரூம்பும் ஃபுல்லு. "பாத்தியா, சும்மா பயமுறுத்தின"ன்னு நான் தெனம் அவள வம்புக்கு இழுத்தேன்.

மூணாவது மாசம் பக்கத்து கம்பெனில இரும்பு உருக்கற ஃபர்னஸ் நின்னு போச்சு. காண்ட்ராக்டர் ஒரே நாள்ல அத்தினி பேரையும் ரயில் ஏத்தி அனுப்பிட்டான். பையும் பக்கெட்டுமா பசங்க ஸ்டேஷனுக்குப் போறதப் பாத்ததும் லைன் வீட்டுக்கு ஓடினேன். ஆறு கதவு தொறந்து கெடக்குது, உள்ள ஒண்ணுமில்ல. நாலு கதவு முன்னாலதான் செருப்பு. திரும்ப எண்ணினேன். நாலே நாலு.

அஞ்சாந்தேதி, அங்க மோட்டார் பாத்துக்கினு இருக்கும்போதே பேங்க் மெசேஜ் வந்துச்சு. தவணை எடுத்தாச்சு. அந்த நாலு ரூம்பு வாடகைலயே தவணை போக மூவாயிரம் மிச்சம்.

அங்கியே உக்காந்துட்டேன். அப்பாடா, ஊடு தப்பிச்சுது. முப்பத்தெட்டுக்கு வாங்கியிருந்தா மாசம் பத்தாயிரம் துண்டு வுழுந்திருக்கும். எனக்கு வேலையும் இல்ல, மெஸ்ஸுலயும் ஆளு கொறைஞ்சு போச்சு, எங்க போயி பொரட்டுவேன்? எங்கப்பா ஊட்டு வாசல்ல பேங்க்காரன் நோட்டீஸ் ஒட்டறது கண்ணு முன்னால வந்து, அழுதுட்டேன். யாரும் பாக்கல, நல்ல வேள.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனேன். "நான் சொல்லல?"ன்னு ஒரு வார்த்த கேக்கல அவ. நானா இருந்தா நாலு தெருவுக்குக் கேக்கறாப்புல சொல்லியிருப்பேன். சும்மா நோட்டப் பொரட்டினேன். போன வருசத்துப் பக்கத்துல, நான் கோச்சிக்கினு போன நாலு நாளும், தட்டு எண்ணிக்கைக்குப் பக்கத்துல சின்னதா எழுதியிருந்தா: 'எபி சாப்புடல.'

"இன்னிக்கு எத்தினி தட்டு?"ன்னு மட்டும் கேட்டேன்.

"இருவத்திரண்டு."

"என்னையும் சேத்தா?"

"நீ எப்பக் கோச்சிக்கினு போவன்னு யாரு கண்டா? உன்ன வுட்டுட்டுத்தான் மாவு பெசைஞ்சேன்."

"இருவத்திமூணுன்னு எழுது"ன்னு சொல்லிட்டு தட்ட எடுத்துக்கினு உக்காந்தேன்.