கால் கிளம்பிய நேரம்

பேருந்து நிலையத்தின் நடுவில், மூன்று பக்கம் கண்ணாடியும் ஒரு பக்கம் சுவருமாக ஓர் அறை. ஓர் ஆள் உட்காரலாம். கையை நீட்டினால் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும். பன்னிரண்டு வருஷமாக அதற்குள் உட்கார்ந்துதான் அறிவிப்புக்காரி வண்டிகளை வரவேற்று வழியனுப்பி வைக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. இந்த ஒரு மாதமாகத் தோன்றுகிறது.

வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை. கால் எலும்புக்குள் யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்துவது போல இருக்கும். எழுந்தால் கொஞ்சம் அடங்கும். நாலு எட்டு நடந்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் அந்த அறையில் நாலு எட்டுக்கு இடம் ஏது? உட்கார்ந்தபடியே கால் மாற்றி மேசையடியில் தட்டிக்கொண்டிருப்பாள்.

தட்டுவது ஊருக்கே கேட்டது. வண்டி நேரம் குறிக்கிறவர் ஜன்னலில் தலையை நீட்டினார். எதற்கெடுத்தாலும் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம் என்பதால் நிலையத்தில் அவருக்கு நிமிஷம் என்றே பெயர்.

"ஒரு நிமிஷம்மா. நீ பேசறப்பல்லாம் மைக்ல தடதடன்னு ஒரு சத்தம் வருது. வண்டி உறுமுதுன்னு நினைச்சு ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாங்க."

அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கால் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வீடென்றால் அண்ணன், அண்ணி, அவள். ஆறு வருஷத்துக்கு முன் யாரோ காதில் பேசுகிறார்கள் என்று அவள் அவதிப்பட்டபோது, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தவன் அண்ணன். அந்த மாத்திரைதான் என்னைப் படுத்துகிறது என்று சொல்லி, ஒருவருக்கும் தெரியாமல் நிறுத்தியவள் அவள். பிறகு நாற்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். வெளியே வந்ததிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. காதில் பேசியவர்களும் போய்விட்டார்கள். ஆனால் 'மாத்திரைதான் காரணம்' என்ற அந்த வார்த்தையை அவள் அப்போதே செலவழித்துவிட்டிருந்தாள். இப்போது உண்மையாகவே தேவைப்படும்போது கையில் இல்லை.

சொல்லிப் பார்க்காமலும் இல்லை. புதிதாக வந்த கேப்ஸ்யூலுக்குப் பிறகுதான் இப்படி ஆகிறது என்று அண்ணனிடம் ஒருநாள் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"போன தடவையும் இதேதான் சொன்னே."

அவ்வளவுதான். அதற்கு மேல் எதைச் சொன்னாலும் அது வியாதி பேசுகிற பேச்சாகிவிடும். சத்தமாகச் சொன்னால் முற்றிவிட்டது என்பார்கள். சொல்லாமல் இருந்தால் எதையோ மறைக்கிறாள் என்பார்கள்.

அந்தக் கேப்ஸ்யூல் வந்த கதை வேறு. அம்மா இறந்துபோன பிறகு அவள் அழுதுகொண்டே இருந்தாள். அண்ணிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று அந்த டாக்டர் கேட்டபோது, மேசைக்குக் கீழே அண்ணி இவள் கையை அழுத்தினாள். தெரிந்த டாக்டர், தெருவே வந்து போகிற இடம். மனநல மாத்திரை பற்றி இவளும் மூச்சுவிடவில்லை. இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னார்கள்.

அதற்கப்புறம் அண்ணி செய்த காரியம் முழுக்க முழுக்கப் பாசத்தில் செய்தது. ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, அட்டைகளிலிருந்து எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து நாள்வாரியாகப் போட்டாள். காலி அட்டைகளைக் குப்பையில் எறிந்தாள். பேரைப் படித்தால் பயந்துவிடுவாள் என்று நினைப்பு. தினமும் காலை எட்டு மணிக்கு எதிரில் நின்று, விழுங்கும்வரை பார்ப்பாள்.

போன மாதக் கடைசியில் அண்ணன் தனியாக மனநல மருத்துவரைப் பார்த்து, தங்கை உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறாள், தூக்கமில்லை, மறுபடி ஆரம்பிக்கிறது போல என்று சொன்னான். வேறு மருந்து உண்டா என்று அவர் கேட்டபோது, இல்லையென்றான். அழுகைக்குக் கொடுத்ததை அவன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை. அவர் பழைய மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். கால் அன்றுமுதல் ஓடவே ஆரம்பித்தது.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போறோம். நாலு துணி எடுத்து வெச்சுக்க" என்றான் அண்ணன்.

நாலு துணி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நாற்பது நாள் படுத்திருந்த கட்டில் நினைவுக்கு வந்தது. இந்தக் காலோடு அங்கே எப்படிப் படுப்பது?

அன்று நிலையத்தில் ஒரு டிரைவர் நிமிஷத்திடம் மல்லுக்கு நின்றான். நான் சரியான நேரத்துக்குத்தான் வந்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினான். நிமிஷம் அசையவில்லை. பதிவேட்டைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பினான்.

அவள் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மேசையறையிலிருந்து எழுதாத பதிவுத்தாள்கள் சிலவற்றை எடுத்தாள். வர வேண்டிய நேரம், வந்த நேரம், புறப்பட்ட நேரம், குறிப்பு. பன்னிரண்டு வருஷமாகப் பழகிய கட்டங்கள். ஒன்பது நாள் நிரப்பினாள்.

வெள்ளிக்கிழமை, மனநல மருத்துவரின் அறைக்குள் அண்ணன் முதலில் தனியாகப் போகப் பார்த்தான். அவள் அவனோடு ஒட்டிக்கொண்டே நுழைந்துவிட்டாள். அண்ணியும் பின்னால் வந்தாள்.

"உட்காருங்க" என்றார் டாக்டர்.

உட்கார்ந்தாள். பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள்.

"இப்படித்தான் டாக்டர். கேட்டா மாத்திரையாலங்கறா" என்றான் அண்ணன்.

அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொல்லவில்லை. தாள்களை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நடந்தாள்.

டாக்டர் சத்தமில்லாமல் படித்தார். 'காலை 8.00: மாத்திரை இரண்டு, பச்சை கேப்ஸ்யூல் ஒன்று. 10.20: கால் கிளம்பியது. 1.45: நிற்கவில்லை. இரவு 11.00: வந்த வண்டி போகவில்லை. காதில் யாரும் பேசவில்லை.' எல்லா நாளும், கடைசிக் கட்டத்தில், காதில் யாரும் பேசவில்லை.

"பச்சை கேப்ஸ்யூலா?" என்று நிமிர்ந்தார்.

அண்ணி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்திருக்கிறோம் என்று காட்டத்தான் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் சனிக்கிழமை அறையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

"இது நான் எழுதினது இல்லையே."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான்.

"அழுதுகிட்டே இருந்தா டாக்டர்" என்றாள் அண்ணி. "எனக்குத் தாங்கலை. அங்க கேட்டாங்க, நான்தான் இல்லேன்னுட்டேன்."

"நானும்தான் சொன்னேன்" என்றாள் அவள், நடந்துகொண்டே.

டாக்டர் தெருமுனை டாக்டருக்குப் போன் போட்டு மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டார். பிறகு, அண்ணனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னார். அந்தக் கேப்ஸ்யூல் பழைய மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற விடாது. மாத்திரை உள்ளேயே தேங்கும். அதன்மேல் அண்ணன் சொன்னதை வைத்து நானும் அளவை இரட்டிப்பாக்கிவிட்டேன். இது வியாதி திரும்பியதில்லை, மருந்து செய்கிற வேலை.

"வெளியே போற கேட்டை மூடிட்டு உள்ள வண்டியை விட்டுகிட்டே இருந்தா மாதிரி" என்றாள் அவள்.

"அதேதான். அப்போ நான் இன்னொரு வண்டியும் அனுப்பினேன்."

மாத்திரையைக் குறைத்தார். கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார். கால் அடங்க இன்னொன்று எழுதினார். ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவையில்லை என்றார். நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது, அழுகைக்கு வேறு வழி பார்ப்போம், வாரம் ஒருமுறை வாருங்கள், இந்தத் தாளோடு.

"எப்போ நிக்கும் டாக்டர்?"

"அந்தக் கேப்ஸ்யூல் முழுசா வெளியேற வாரக்கணக்குல ஆகும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும்."

அவள் தலையாட்டினாள். வாரக்கணக்கு என்றால் இதே கால்கள், இதே கண்ணாடி அறை.

அண்ணன் மருந்து வாங்கப் போனான். போகிற போக்கில் பழக்கதோஷத்தில், "உட்காரு, வந்துடறேன்" என்றான். அப்புறம் வாசலிலிருந்து திரும்பி வந்து, நாலு துணி வைத்திருந்த பையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

நடைவழியில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். அண்ணியும் கூடவே நடந்தாள். ஏழாவது சுற்றில் அண்ணிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் எத்தனை சுத்துடி?"

"தெரியாது அண்ணி."

அண்ணி கைப்பையில் துழாவிப் பேனாவை எடுத்தாள். ஒரு தாளைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சரி, நேரத்தைச் சொல்லு. எழுதிக்கறேன்."