உள்ளே விடாத பக்கம்

குருபோங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல், பாச்சாங்கில் கடைகளுக்கு மேலே இருந்த கணினிப் பாதுகாப்பு வகுப்புக்குக் காளிதாஸ் வந்தபோது ஆசிரியை ஷாந்தினி தயாராக இருந்தாள். அவன் செய்த இணையப் பக்கத்தை அவள் உடைத்துப் பார்க்கும் நாள். தாங்கினால் சான்றிதழ், அதைக் காட்டினால் அதே தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பகல் வேலை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு நாற்பது வயதில் வேறு வழி இல்லை.

அவனைவிட அவள் பத்து வயது இளையவள். ஞாயிறுதோறும் ரெம்பியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். தூங்கி விழுபவனைத் திட்டமாட்டாள். எழுப்பி, அவன் எழுதியதை அவன் கண்முன்னால் உடைத்துக் காட்டுவாள். தூக்கம் போய்விடும். பாவம் பார்த்து யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. அதனாலேயே அவனுக்கு அவள்மேல் மரியாதை.

கோயில் டியூஷனுக்குப் பெயர் பதியும் பக்கம் அது. பெயர் கேட்கும் கட்டத்தில் கட்டளையைத் தட்டி, உள்ளேயிருக்கும் விவரங்களைக் கறந்துவிடலாம் என்று அவள் சொல்லித் தந்திருந்தாள். அவன் எழுத்தைத் தவிர எந்தக் குறியும் நுழையாதபடி அடைத்திருந்தான்.

தெரிந்த திருட்டு வழியையெல்லாம் போட்டுப் பார்த்தாள். பக்கம் அசையவில்லை.

"அண்ணே, தே தாரிக் இன்னிக்கு உங்க பெலாஞ்சா லா," என்று டீ வாங்கித் தரச் சொன்னான் பின்வரிசை திவாகர்.

ஷாந்தினி அடையாள அட்டையில் உள்ளபடி தன் பெயரைத் தட்டினாள். ஷாந்தினி ஏ/பி அப்புசாமி, அதாவது அப்புசாமியின் மகள். 'தவறான பெயர்' என்று சிவப்பில் வந்தது.

"திருடன நிறுத்திட்டீங்கண்ணே. எங்கப்பாவயும் சேத்து நிறுத்திட்டீங்க," என்றாள்.

வகுப்பு சிரித்தது. காளிதாஸுக்குக் காது சுட்டது. அவன் அட்டையிலும் அப்பா பெயருக்கு முன்னால் அதே சாய்கோடு உண்டு. வாரக்கணக்கில் திருடனாக நின்று சோதித்தவன், ஒருதரம்கூடத் தன் பெயரைப் போட்டுப் பார்க்கவில்லை.

"அந்தக் கோட்ட மட்டும் விட்டுர்றேன் டீச்சர்."

"நாளைக்கு வேற பேரு வேற குறியோட வரும். வாசல்லயே வெரட்டாதீங்க. என்ன தட்டினாலும் பேராவே இருக்கணும், கட்டளையா மாறக்கூடாது. போன மாசமே சொன்னேன். தூங்கிட்டிருந்தீங்க."

"பாஸ் போட்ருங்க, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிர்றேன்."

"பண்ணுங்க. போடறேன்."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. அவன் அருகிலேயே உட்கார்ந்து பீஹூன் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். விசைப்பலகையை மட்டும் தொடவில்லை. கட்டிய சுவர் முழுவதையும் அவன் அழித்தான். கட்டளை ஒரு வழியிலும் பெயர் ஒரு வழியிலும் போகும்படி திருப்பி எழுதினான்.

அவள் பழைய திருட்டு வரியைப் போட்டாள். அது பட்டியலில் வெறும் கோணல் பெயராகப் போய் உட்கார்ந்தது.

"இப்ப உங்க பேரு."

காளிதாஸ் தட்டினான். சாய்கோட்டருகே விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அனுப்பினான். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. மெல்வதை நிறுத்திவிட்டு அவளும் பார்த்தாள்.