மூக்குப் பரீட்சை

பேருந்தில் அப்பாவுக்கு எப்போதும் சன்னலோர இருக்கை கிடைத்துவிடும். பக்கத்து இருக்கையும் காலியாகவே வரும். "ராஜா மாதிரி காலை நீட்டிக்கிட்டு வருவேன்" என்று சொல்லிச் சிரிப்பார். கூட்டமான நாட்களில் யாரும் சொல்வதற்கு முன் அவரே எழுந்து பின் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். எலும்பையும் குளம்பையும் தோலையும் வேகவைத்துப் பசை காய்ச்சும் ஆலையில் அவருக்கு வேலை. நாளெல்லாம் கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவர் மேல் ஏறாமல் அந்த நாற்றம் வேறு யார் மேல் ஏறும்?

தாயில்லாத வீட்டில் அப்பாவும் மகளும்தான். ராஜா கதையைக் கேட்டு அவளும் சின்ன வயதிலிருந்து சிரித்து வளர்ந்தாள். பள்ளிக் கடைசி வருஷம் இருவரும் ஒன்றாகப் பேருந்தில் போனபோது, முன்னால் இருந்த ஒரு பெண் கைக்குழந்தையின் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது. அப்படி என்னதான் நாறிவிட்டது என்று மகளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் பக்கத்தில் அப்பா இருந்தார், அவ்வளவுதான்; நாற்றம் எதுவும் இல்லை.

ஆலையை மூடு என்று ஊரில் ஒரு கட்சி. மூடினால் சோற்றுக்கு என்ன வழி என்று இன்னொரு கட்சி. அதிகாரிகள் வருவார்கள், மூக்கைச் சுளிப்பார்கள், நாற்றத்தை எப்படி அளப்பது என்று கையை விரித்துவிட்டுப் போவார்கள். "அளக்க முடியும்ப்பா. அளந்து காட்டினா அதுக்கு ஏத்த வடிகட்டி போட வைக்கலாம். நாத்தத்தைத்தான் அடைக்கணும், ஆலையை அடைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அப்பாவுக்கு அந்தப் படிப்பின் பெயரே வாயில் நுழையாது. "என் பொண்ணு காத்துக்குப் படிக்கிறா" என்று ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாம் வருஷத்தில் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர், மண், காடும் உயிரினங்களும், காற்று என்று நான்கு. எதில் வேலை கிடைக்கும், எதில் வெயிலில் அலைய வேண்டாம் என்று மற்ற பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் சேர்ந்த அன்றே முடிவு செய்தவள். ஆனால் காற்றுப் பிரிவுக்கு மட்டும் வாசலில் ஒரு பூட்டு உண்டு. நாற்றத்தை அளப்பதற்கு எத்தனை கருவி இருந்தாலும் கடைசியில் மனித மூக்குதான் சாட்சி சொல்ல வேண்டும். அதனால் அந்தப் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதலில் மூக்குப் பரீட்சை.

மூன்று கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். ஒன்றில் எங்கிருந்தோ பையில் பிடித்து வந்த காற்று, மற்ற இரண்டில் வெறும் காற்று. முகர்ந்து பார்த்து எதில் நாற்றம் என்று சொல்ல வேண்டும். அவளுடைய அறைத்தோழியும் வந்திருந்தாள். வருஷம் முழுக்கச் சளி பிடித்துத் தும்மிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு விடுதியில் 'தும்மல்' என்றே பெயர். இவளெல்லாம் மூக்குப் பரீட்சைக்கு வந்துவிட்டாளே என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

குப்பைமேட்டுக் காற்றை மகள் சரியாகச் சொன்னாள். சாயப்பட்டறைக் காற்றையும் சொன்னாள். மூன்றாவது பையில் மாட்டிக்கொண்டாள். மூன்று குழாயிலும் ஒன்றுமில்லை. குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னாள், தப்பு. பரீட்சை வைத்த பேராசிரியை அந்தக் காற்றின் அளவைக் கூட்டினார். மறுபடியும் தப்பு. இன்னும் கூட்டியபோது, தள்ளி உட்கார்ந்திருந்த தும்மல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இவள் குழாயில் மூக்கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்க பிடிச்ச காத்து மேடம்?"

பேராசிரியை ஊர்ப்பெயரையும் பசை ஆலையின் பெயரையும் சொன்னார்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பழகப் பழகப் புளித்தது பாலாகும் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. அப்பாவுக்கு அதே ஆலையில்தான் வேலை என்று அவள் சொன்னதும் பேராசிரியை, "மூக்கு கெட்டுப் போகலம்மா, பழகிப் போச்சு. வாராவாரம் வீட்டுக்குப் போறேல்ல? இந்தப் பருவம் முடியிற வரைக்கும் அந்தக் காத்து படாம இரு. உனக்கு மட்டும் மறுபடி வைக்கிறேன். அப்பவும் தெரியலைன்னா நீரோ மண்ணோ எடுத்துக்கோ" என்றார்.

அறைக்கு வந்ததும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. ஞாயிறு மாலை அவள் ஊரிலிருந்து திரும்பியதும் தும்மல் முதல் வேலையாக அவள் பையை வாங்கி வெளியே கொண்டுபோய் வைப்பாள். தூசி ஆகாதாம்.

"உண்மையைச் சொல்லுடி. என் பையில இருந்தது தூசியா?"

தும்மல் தலை குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல்கூட வரவில்லை. வகுப்பில் தன் பக்கத்து இடம் திங்கட்கிழமைகளில் மட்டும் காலியாக இருந்ததும் மகளுக்கு நினைவு வந்தது. அப்பா மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை நினைத்து அழுகை வந்தது.

அந்த சனிக்கிழமை அவள் ஊருக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. களப்பணி என்றாள், செய்முறைத் தேர்வு என்றாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. உங்கள் காற்று படக் கூடாது என்று பெற்றவரிடம் எந்த வாயால் சொல்வது? அப்பா ஒவ்வொரு தடவையும், "சரிம்மா, படிப்புதான் முக்கியம். நான் எங்க ஓடியா போகப் போறேன்" என்பார். ஒரு தடவை தயங்கித் தயங்கி, "நான் வேணா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகவா?" என்று கேட்டார். கல்லூரிப் பக்கமே தலைகாட்டாத மனிதர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"வேணாம்ப்பா!"

கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். "சரி, சரி. உனக்கு வேலை இருக்கும்" என்று அவரே போனை வைத்தார். அன்று இரண்டு வேளை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பருவக் கடைசியில் மறுபடி அந்தக் குழாய்கள் முன் உட்கார்ந்தாள். முதல் குழாயில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூக்கை வைத்ததும் அழுகலும் தீய்ந்த மயிரும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தித்திப்பும் கலந்து வந்தது. "இரண்டாவது" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தள்ளி வைத்தாள். அளவை எவ்வளவு குறைத்தும் தப்பவில்லை. பேராசிரியை கைதட்டினார். தும்மல் கட்டிப்பிடித்துத் தும்மினாள். மகள் முகம் கழுவப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வெகுநேரம் நின்றாள். இந்த நாற்றத்துக்குள்ளா அப்பா இத்தனை வருஷமாக நிற்கிறார்?

"காத்துப் பிரிவு கிடைச்சிருச்சுப்பா. மூக்குப் பரீட்சையில பாஸ்."

"மூக்குக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாங்க? என் பொண்ணு மூக்காச்சே, சும்மாவா?" என்று அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. "நாளைக்கு வர்றேல்ல? நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஊர்ப் பேருந்துக்கு மாறும் நிறுத்தத்தில் அப்பா காத்திருந்தார். வேலையை முன்னதாக முடித்து, குளித்து, தேய்த்த சட்டை போட்டு, கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிய நின்றார். இளைத்திருந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டு, "நல்லா சாப்பிடுறியா?" என்று ஏதேதோ கேட்டார். திறந்த வெளியில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை, நாற்றம் தெரியாத பழைய வீட்டு மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

பேருந்தில் கூட்டமில்லை. அவளைச் சன்னலோரம் உட்காரவைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. உள்ளே வந்த காற்று அவர் மேல் பட்டு அவள் பக்கம் திரும்பியது. முதலில் சோப்பு, பிறகு பவுடர், அதற்கடியில் அந்த இரண்டாவது குழாய்.

அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அவளைக் கேட்காமலே தோள் சன்னல் பக்கம் ஒதுங்கியது. நகத்தளவுதான் இருக்கும், வேறு யாராயிருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்பா வருஷக்கணக்காக அந்த நகத்தளவைப் பார்த்துப் பார்த்து இடம் விட்டவர்.

பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

"அதுக்குத்தான் இத்தனை நாளா வரலையாம்மா?"

"மேடம்தான்... மூக்கு திரும்பி வரணும்னா..." என்று இழுத்தாள்.

"நல்லதுதானே. மூக்கு இருந்தாத்தான அளக்க முடியும்" என்று சிரித்தார். ராஜா கதைக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. "நீ காலை நீட்டி வசதியா உக்காரு" என்று அவள் பையைத் தன் இடத்தில் வைத்துவிட்டு எழுந்தார். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த பேருந்தில் பின் வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மூக்கும் வேறாகும் ஒரு நாள் வரும் என்று அவளுக்கு யார் சொல்லி வைத்தார்கள்? அவள் எழுந்து பின்னால் போனாள். அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரை ஒட்டி நின்றாள். "போய் உக்காரும்மா" என்றார், அவள் போகவில்லை. வாயால் மூச்சு விடக் கூடாது என்று வைராக்கியமாக மூக்கால் இழுத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அப்பா அவள் கண்ணைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து, மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"பரவாயில்லம்மா, மூக்கைப் பொத்திக்கோ. அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."