ஜடாயுவின் கழுத்து

காசிநாதன் பிணந்தின்னிக் கழுகைப் பார்த்ததே இல்லை. அவன் உளி பிடிக்கத் தொடங்கியபோதே காஞ்சிபுரத்து வானத்தில் அவை தீர்ந்துபோயிருந்தன. மாட்டுக்குப் போட்ட ஊசிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகையும் கொன்றுவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.

பார்த்தவள் அவன் மனைவி கிருஷ்ணம்மாள். தென்னேரி ஏரிக்கரையில், இருளர் குடிசைகளில் பிறந்தவள். கோயில் வாகனப் பட்டறையில் யாளியும் குதிரையும் செதுக்கிவிட்டு வந்து, வீட்டில் அவன் தனக்காகச் செதுக்கிய உடும்பு, கீரி, நீர்க்காகம் எல்லாம் அவளும் அவள் வீட்டாரும் சொல்லக் கேட்டுச் செய்தவை. பறவையைப் பார்க்காதே, அது வந்து உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார் என்பார் அவள் அப்பா. அப்படிச் செய்த எதையும் யாரும் வாங்கியதில்லை.

பட்டுக்கடை கதிர்வேல் திருப்புட்குழியில் கல்யாண மண்டபம் கட்டினார். வாசலில் வைக்கப் பெரிய தேக்குப் பலகையில் ராமர் மடியில் ஜடாயு வேண்டும் என்றார். ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த ஊர் அது; வேறெந்தக் கதையை வைப்பது? காசிநாதன் அன்றே தேக்கு பார்க்கப் போனான். கேட்டு வாங்கப்பட்ட முதல் பறவை அது.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. கிருஷ்ணம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாயா இது, சேவல் மாதிரி நெஞ்ச நிமித்திக்கினு? கழுகு அப்டி இருக்காது. மழைல நனைஞ்ச கெழவன் மாதிரி தோள தூக்கிக்கினு குந்தியிருக்கும்."

"கழுத்து?"

"மொட்டக் கழுத்து. மாட்டு வவுத்துக்குள்ள தலைய வுட்டுத் துன்னணும்ல? எறக இருந்தா நாறிப்பூடும்."

"கூடவே குந்தியிருந்த மாதிரி சொல்றியே."

"இருந்தோமே. ஊர்க்காரனுங்க எங்கள வெரட்ட எடுத்த கல்லுல மிச்சத்ததான் அதுங்க மேல வுடுவானுங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு, சாகும்போது எப்படி இருக்கும் என்று கேட்டான்.

"ஒண்ண பாத்தேன். பனமரத்துல குந்தி தலைய தொங்கவுட்டுக்கினு இருந்துது. கழுத்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கினே வரும், தூங்கி வுழற கொழந்த மாதிரி. எங்கப்பா கீழ ஒரு சட்டில தண்ணி வெச்சாரு. அது எறங்கவே இல்ல."

அந்தக் கழுத்தை அவன் செதுக்கினான். ராமரின் முழங்கையைத் தாண்டி அது சரிந்து இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். "இன்னும் கனமா தொங்கணும்" என்றாள். கடைசியில் ஒருநாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் உளியைக் கீழே வைத்தான்.

பார்வையிடக் கதிர்வேல் தன் தாய் காமாட்சியம்மாளோடு காரில் வந்தார். கிருஷ்ணம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியவள் அதைத் தொடவில்லை. பலகையைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள்.

"டேய் கதிரு, இது பொணந்தின்னிடா! சின்ன வயசுல சுடுகாட்டுப் பக்கம் பாத்துருக்கேன். அதே கழுத்து."

காசிநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாளே! அந்தச் சந்தோஷம் கதிர்வேலின் முகத்தைப் பார்க்கும்வரைதான்.

"காசி, கல்யாண மண்டபம்பா. பொண்ணு மாப்ள இத தாண்டிதான் உள்ள போவணும்."

"ஜடாயு கழுகுதான மொதலாளி?"

"கோயில்ல கழுகுதான். யாரு இல்லன்னது? மண்டபத்துல கருடன் மாதிரி இருந்தாதான் லட்சணம். கழுத்துல எறக போட்டு, தலைல ஒரு கிரீடம் வெச்சிடேன்."

"கழுத்த மெலிசா எறக்கிட்டேன். எடுத்த மரத்த திரும்ப வெக்க முடியாது மொதலாளி."

"அப்ப அறுத்துட்டு வேற தலய செஞ்சி ஒட்டு. உனக்கு மனசு வரலன்னா சொல்லு, வேற ஆள வெச்சி பாத்துக்குறேன்." பிறகு அவர் குரல் இளகியது. நிஜமாகவே நல்ல மனிதர்தான். "கீழ உன் பேர போட்டுக்கப்பா. இத்தினி வாகனம் செதுக்குனியே, எதுலயாவது உன் பேரு இருக்குதா?"

"செரி மொதலாளி."

கதிர்வேல் கார் கதவைத் திறக்குமுன்பே அதைச் சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வேறொருவன் ரம்பம் அந்தக் கழுத்தில் படக்கூடாது என்றுதான் ஒத்துக்கொண்டேன் என்று பிறகு மனைவியிடம் சொன்னான். அவள் ஆறிப்போன டீயை வாசலில் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவப் போனாள்.

மறுநாள் அறுத்தான். தேக்கு எளிதில் விடவில்லை. கழுத்தோடு தலை அவன் உள்ளங்கையில் விழுந்தபோது, தொங்கிய கழுத்து வெட்டிய கிளை மாதிரி வெறும் மரமாக இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, சமையலறைப் பலகையில் அவள் கண்ணில் படும்படி வைத்தான்.

"உனக்குத்தாம்மா. வெச்சிக்க."

"ஒடம்பு எங்க?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

சாயங்காலம் சமையலறைப் பலகையில் தலை இல்லை. அவள்தான் எடுத்திருந்தாள்; எங்கே என்று அவன் கேட்கவில்லை.

புதுத் தலை கச்சிதமாகப் பொருந்தியது. கிரீடம், வளைந்த மூக்கு, அடுக்கடுக்காக இறகு. ராமர் மடியில் ஒரு ராஜா படுத்திருந்தார். சாகிறவர் மாதிரியே இல்லை. திறப்பு விழாவில் கதிர்வேல் எல்லோரையும் அழைத்துவந்து, பலகையின் கீழே 'செதுக்கியது: காசிநாதன்' என்று இருந்ததைக் காட்டினார். வந்தவர்கள், கருடன் அப்படியே உயிரோடு இருக்கிறது என்றார்கள். கிருஷ்ணம்மாள் வரவில்லை.

அந்தப் பெயரைப் படித்துத்தான் ஆட்கள் தேடிவந்தார்கள். செவிலிமேட்டில் ஒரு வீட்டு வாசலுக்கு, வாலாஜாபாத்தில் ஒரு நகைக்கடைக்கு, கூரத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு. எல்லோருக்கும் கருடன்தான் வேண்டும். பட்டறையை விட்டுவிட்டான். உடும்பும் கீரியும் செய்ய இப்போது நேரமில்லை.

ஒரு மத்தியானம் கிருஷ்ணம்மாள் கொட்டகையில் சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாதி முடிந்த கருடனை அவன் அவள் பக்கம் திருப்பினான்.

"கழுத்து சரியா இருக்குதா பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"கிரீடம் வெச்சிக்கினு பறக்குற பறவைய நான் எங்கய்யா பாத்தேன்?" என்றாள். குனிந்து, அவன் காலடியில் கிடந்ததையும் சேர்த்துப் பெருக்கினாள்.