அனுசுயா டீச்சர் வீட்டு வால்வு

பங்குனிக் கடைசிக்குள் கேஸ் குழாயை மூடிவிடுவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானபோது, காலனியில் ஒரே ஒரு வீட்டில்தான் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பின்புற அறையில் வரிசையாக நிற்கும் சிலிண்டர்களிலிருந்து இருபத்துநான்கு வீடுகளுக்கும் குழாய் போயிருந்தது. பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவர் குழந்தைவேலு. மாடிகளில் சோலார் தகடு ஏறியதும் வீடுகள் ஒவ்வொன்றாகக் கரண்ட் அடுப்புக்கு மாறின. மாறிய வீட்டுக் குழாயை அவரே கழற்றி மூடி போட்டார். வருத்தமெல்லாம் இல்லை. தகடுகளைப் பராமரிக்கும் வேலையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

மிச்சம் அனுசுயா டீச்சர். சர்க்கரை நோயில் பார்வை போய் நாலு வருஷம். கணவருக்குத் திருச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்.

"ஒரு வீட்டுக்காக அத்தனை சிலிண்டரயும் வச்சிருக்க முடியாது. டீச்சருக்கு மெஸ்ஸுல சொல்லிருவோம்" என்றார் செயலாளர் உடையப்பன்.

குழந்தைவேலு போய்ச் சொன்னபோது டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"தீயோட சத்தத்த வச்சுத்தான் கூட்டிக் கொறைக்கிறேன். கரண்ட் அடுப்புல வழுவழுன்னு கண்ணாடியத் தடவுனா எனக்கு என்ன தெரியும்? சமைக்கிறதையும் விட்டுரச் சொல்றீகளா?"

தன் வீட்டுக்குத் திரும்பிய குழந்தைவேலு துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கரண்ட் அடுப்பில் பால் காய்ச்சிப் பார்த்தார். பால் பொங்கி வழிந்தது. அணைக்கிற இடம் விரலுக்கு அகப்படவே இல்லை. மனைவி அக்கம்மாள் ஓடிவந்து சுவிட்சைத் தட்டினாள்.

"கண்ணக் கட்டிக்கிட்டு என்ன கூத்து இது?"

மறுநாள் உடையப்பனிடம் சொன்னார்: "டீச்சர் தானாச் சமைக்கிற வரைக்கும் நான் வால்வத் தொட மாட்டேன்யா. வேற ஆள வேணும்னா பாத்துக்கங்க." உடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்து நாள்" என்றார்.

காரைக்குடியில் ஏழு கடை ஏறி, திருகு வைத்த கரண்ட் அடுப்பு ஒன்றைப் பிடித்தார். திருகைச் சுற்றி எம்சீல் உருட்டி ஒட்டினார்: சிறு சூட்டுக்கு ஒரு பொட்டு, நடுவுக்கு இரண்டு, முழுச் சூட்டுக்கு மூன்று.

டீச்சர் விரலால் தடவினார். மறுபடி தடவினார். முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் அடுப்பின் இரைச்சலுக்குக் காது பழகிவிட்டது. ஆறாம் நாள், கடுகு வெடித்து அடங்கியதும் திருகை ஒற்றைப் பொட்டுக்குத் திருப்பினார்.

"இப்ப மூடுங்க" என்றார்.

குழந்தைவேலு வெளியே போய் வால்வை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தார். சன்னலிலிருந்து ஒரு கரண்டி நீண்டது.

"உப்புப் பாத்துட்டுப் போங்க."

கொதிக்கும் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி, ஊதினார்.