வயிற்றுக்குள் குடியிருந்தவை

அவரை எல்லோரும் எலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் எலிகள் வளர்க்கும் அறை அவர் பொறுப்பு. ஈர மரத்தூளை அள்ளிவிட்டுப் புதுத்தூள் போடுவது, தண்ணீர் பாட்டில் மாற்றுவது, திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு எலியையும் தராசில் வைத்து எடை பார்ப்பது. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்படியும் கதவைத் திறக்கும்போதே அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"எலி வந்தாச்சு. யாராவது ஒரு பூனையைக் கூட்டிட்டு வாங்கப்பா!"

அவள் தபால்காரி. தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் கழிப்பறை கிடையாது; யார் வீட்டுக் கதவைத் தட்டி அதைப் போய்க் கேட்பது? அதனால் காலையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால், அடுத்த மடக்கு வீடு திரும்பிய பிறகுதான். நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? மாதச் சம்பளம் தவறினாலும் அது தவறாது. மருந்துக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததுமே மாத்திரை அட்டையைக் கத்தரித்து வைத்துவிடுவார்.

"அதேதானேக்கா?"

"அதேதான் தம்பி."

மூன்று நாள் ஆன்டிபயாடிக். எரிச்சல் நிற்கும். நான்காம் நாள் தபால் பை தோளில் ஏறிவிடும். டாக்டரிடம் போவதென்றால் லீவு போட வேண்டும், லீவு போட்டால் அந்தத் தெருக்களை வேறு யார் நடப்பது? இப்படியே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் மணிக்கட்டு போயிற்று. ஈரப் போர்வையைப் பிழியும்போது படக்கென்று ஒரு சத்தம். கட்டுப் பிரித்து ஐந்து மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் சமையலறையில் தும்மினாள். தும்மியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முதுகெலும்பில் இரண்டு கணு நசுங்கியிருந்தது.

"தும்மினதுக்கா?" என்றார் எலிக்காரர், நம்பாமல்.

"எலும்புல பலம் இல்லைங்க. எழுபது வயசு ஆளுக்கு இருக்கிற மாதிரி இருக்கு," என்றார் எலும்பு டாக்டர். "இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது. மாதவிடாய் சீக்கிரமே நின்னிருக்கு. பரம்பரையா இருக்கலாம், சாப்பாடா இருக்கலாம். மருந்து தர்றேன். விழாம பாத்துக்குங்க."

அவள் தபால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தாள்.

எலிக்கூடத்தில் அப்போது ஓர் இளம் விஞ்ஞானி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவரை அண்ணே என்பாள். சிவப்புச் சீட்டு ஒட்டிய கூண்டுகளுக்கு மருந்து கலந்த தண்ணீர், மற்றவற்றுக்கு வெறும் தண்ணீர். கலந்து ஊற்றியது எலிக்காரர்தான். இரண்டு வருஷமாக ஊற்றினாரே தவிர, எதற்கு என்று கேட்டதில்லை. ஒரு மத்தியானம் அவளுடைய கணினித் திரையில் இரண்டு எலும்புப் படங்களைப் பார்த்துவிட்டு நின்றார். ஒன்று கெட்டியான தேன்கூடு மாதிரி இருந்தது. இன்னொன்று கரையான் தின்ற பலகை.

"இது என்ன மேடம்?"

"ரெண்டும் எலித் தொடை எலும்புண்ணே. இந்த மோசமானது சிவப்புச் சீட்டு எலியோடது. வளர்ற வயசுலேர்ந்து ஆன்டிபயாடிக் குடுத்தோம்ல, குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போயிடுச்சு. அதுங்க சும்மா குடியிருக்கிறதில்லை. எலும்பு கட்டுறதுக்கும் கரையறதுக்கும் அங்கேருந்து சேதி போகுது. அது கெட்டதும் எலும்பும் கெட்டுச்சு."

எலிக்காரர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மெதுவாக மனைவியின் கதையைச் சொன்னார். விஞ்ஞானியின் முகம் மாறியது.

"அண்ணே, இது எலி. அண்ணிக்கும் இதனாலதான்னு நான் சொல்லவே முடியாது."

"இதனால இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அவள் திரையிலிருந்த படங்களை மூடினாள்.

"போன பாக்டீரியாவைத் திரும்ப உள்ளே விட முடியாதா மேடம்?"

"நல்லா இருக்கிற எலியோட கழிவைக் கரைச்சுக் குடுத்துப் பாத்தோம். சின்ன எலிங்க கொஞ்சம் தேறிச்சு. அடுத்த மாசம் வயசான எலிக்குக் குடுக்கப்போறோம்."

அன்று அவர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். வீட்டுக்கு வந்து மனைவியின் கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள்.

"அப்போ உங்களோடதைக் கரைச்சு எனக்குக் குடுக்கணும்ங்கிறீங்க."

"மாத்திரையா அடைச்சுக் குடுப்பாங்களாம். ருசி தெரியாது."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க குறட்டையைத் தாங்கியாச்சு, உங்க அக்காவைத் தாங்கியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி." சிரித்தாள், உடனே முதுகைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க," என்றாள். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள்.

அவர் குடல் டாக்டரிடம் போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "அப்படி ஒரு சிகிச்சை உண்டுதாங்க. ஆனா அது ஒருவிதமான கடும் பேதிக்கு. எலும்புக்குன்னு யாரும் செய்யறதில்லை. எலிக்கு நடந்ததை வெச்சு உங்க வீட்டம்மா மேல கை வைக்க மாட்டேன்."

அந்த வாரமே அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தொற்று சிறுநீரகம் வரை ஏறி, ரத்தத்திலும் கலந்துவிட்டதாம். மருத்துவமனையில் நர்ஸ் மருந்துக் குப்பியை மாட்டும்போது எலிக்காரர் அதன் பெயரைப் படித்தார். ஆன்டிபயாடிக்.

"இதைப் போடாம வேற வழி இல்லையா?"

"போடலைன்னா நாளைக்குத் தாங்க மாட்டாங்க," என்றாள் நர்ஸ்.

கையெழுத்துப் போட்டார். பத்து நாள் அந்தத் தண்ணீர் சொட்டுச்சொட்டாக இறங்கியது. தினமும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிவப்புச் சீட்டு ஒட்டாத குறைதான். காய்ச்சல் விட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து தலைகூட வாரிக்கொண்டாள். பதினோராம் நாள், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே கழிப்பறைக்குப் போனவள் வாசற்படியில் கால் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்தார்கள். முடுக்கிய திருகாணி பிடிக்கவில்லை. ஈரச் சுவரில் ஆணி அடித்த மாதிரி என்றார் எலும்பு டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. இனி நடக்க மாட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வயசான எலிகளின் முடிவு வந்தது. விஞ்ஞானி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். திரையில் எல்லாப் படமும் கரையான் தின்ற பலகையாகவே இருந்தது.

"ஒண்ணும் மாறலைண்ணே. நான் அன்னிக்கு உங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கவே கூடாது."

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்," என்றார். பிறகு போய் மிச்சக் கூண்டுகளுக்குத் தூள் மாற்றினார்.

வீட்டில் அவள் விழித்துத்தான் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"எலிங்க என்ன ஆச்சு?"

பொய் சொல்ல நினைத்துக்கொண்டுதான் வந்தார். வாய் வரவில்லை. "குட்டிங்க தேறிச்சு. வயசானதுங்களுக்கு ஒண்ணும் பலனில்லையாம்."

அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"எனக்கு நாப்பத்தாறுதாங்க ஆகுது," என்றாள்.

அவர் கட்டிலோரம் குனிந்தார். அவள் முதுகுக்கு அடியில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தார். பலமாகப் பிடிக்கப் பயமாக இருந்தது, பிடிக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளை மெல்ல இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்.